கோச் இன்பாஸ் வென்ற கோப்பை

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொறுமையைப் பற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்த இன்பாஸ், தேத்தண்ணியில் சீனி குறைவென்று அதற்குள் இரண்டு தடவை கத்திவிட்டான்.

சுஹைராவுக்குக் குசினியில் நின்றபடியே எல்லாம் கேட்டது. பாலை விட்டு நகர முடியாத நேரம். விடியலில் பட்டியிலிருந்து வந்த எருமைப்பாலைத் துணியில் வடித்து, பெரிய சருவத்தில் ஊற்றி, விறகடுப்பில் வைத்திருந்தாள். வெளியே கச்சான் காற்று கிண்ணியாவின் மணலையெல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றுக் காலத்தில் பாலில் கண் வைக்காவிட்டால் போச்சு. உறை கொஞ்சம் கூடினாலும் பின்னேரத்துக்குள் தயிர் புளித்துவிடும். அவளுடைய தயிர்ச் சட்டிகளுக்குத் திருகோணமலைப் பட்டினம் வரையில் பெயர் இருந்தது. அந்த வீட்டின் உப்பு, புளி, கரண்ட் பில், இன்பாஸ் போட்டிருந்த நீலக்கோடு வைத்த ட்ராக் சூட், எல்லாம் அந்தச் சட்டிகளிலிருந்துதான் வந்தன.

"ஒரு சிறந்த பயிற்றுநர்," என்று இன்பாஸ் ஃபோனைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தான், "தம் வீரர்கள் கூறுவதைச் செவிமடுப்பவராக இருத்தல் வேண்டும்... சுஹைரா! உனக்கென்ன காது கேக்காதா? சீனியக் கொண்டா எண்டு எத்தின தரம் சொல்ற?"

சுஹைரா சீனிப் போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். கண்ணாடியில் அவனுடைய முகம் மலர்ந்திருந்தது. மாவட்டத்துப் பயிற்றுநர்களைக் கூட்டி வைத்து, நல்ல பயிற்றுநருக்கு வேண்டிய பண்புகள் பற்றிப் பட்டினத்தில் ஒரு கருத்தரங்கு நடக்கவிருந்தது. அதில் பேச அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளலை விளையாட்டுக் கழகம் கால்பந்து இறுதியாட்டத்துக்கு வந்திருப்பதால் கிடைத்த மரியாதை அது. ஆட்டம் அன்று பின்னேரம். கழகம் இறுதிக்கு வந்தது யாருடைய காலால் என்று சுஹைராவுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். இன்பாஸுக்கு மட்டும் தெரியாது.

அந்தக் கால் பின் விறாந்தையில், கதிரையொன்றின் மேல் நீட்டிக் கிடந்தது. அவளுடைய தம்பி அர்ஷாக். சுனாமி உம்மாவைக் கொண்டுபோனபோது கைக்குழந்தை. அப்போதுதான் கலியாணமாகி வந்திருந்த சுஹைரா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே இந்த வீட்டு வேலையையும் பழகினாள். இப்போது பால் கான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவதும் அவன்தான், வெள்ளலையின் ஒன்பதாம் நம்பரும் அவன்தான். அரையிறுதியில் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் பனங்காயாக வீங்கி நின்றது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஒப்பரேஷன் வரைக்கும் ஓடவே கூடாது, மீறி ஓடினால் காலம் முழுக்க நொண்டவேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்.

"டொக்டருக்கு என்ன தெரியும்?" என்றான் இன்பாஸ் அன்றைக்கு. "அவர் பந்து அடிச்சிரிக்காரா?"

இன்பாஸும் பெரிதாக அடித்ததில்லை. இளமையில் கழகத்துக்கு மாற்று ஆளாகக் கரையில் குந்தியிருந்ததுதான் அதிகம். பிறகு கொழும்பில் ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் ஒன்றோடு திரும்பினான். அன்றிலிருந்து வெயிலில் பொடியன்களை ஓடவிடுவதும், தண்ணீர் கேட்டவனைத் தாயோடு சேர்த்து ஏசுவதும், பந்தை விட்டவனுக்குப் பிடரியில் போடுவதும் பயிற்சி என்றாயிற்று.

சுஹைரா ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்க. அர்ஷாக்க இண்டைக்கு இறக்க வேணாம்."

"தொடங்கிட்டியா?"

"கால் போனா ஆரு தாறது?"

"ஊசி ஒண்டு போட்டா விறைச்சுப் போகும். ஒரு நோவும் தெரியாது. நான் எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டன்."

"நோவு தெரியாட்டிக் கால் சுகமா? என்ன கதை இது?"

"புள்ள, உனக்கு விளையாட்டப் பத்தி ஒண்டும் தெரியாது. நீ போய்ப் பாலப் பாரு." திரும்பவும் கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டான். "கோப்ப வந்தா மாவட்ட டீமுக்குக் கோச் நான்தான். கழகத் தலைவர் ஹாஜியார் கதைச்சு வச்சிரிக்கார்."

பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். பாலை இறக்கி வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனால், அர்ஷாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏலாதெண்டு சொல்லன் தம்பி. வாய் இல்லையா உனக்கு?"

"மச்சான் சொல்றார், ராத்தா."

"மச்சான் சொன்னாக் கிணத்திலயும் குதிப்பியா?"

"சோறு போட்டு வளர்த்தவர்."

"சோறு போட்டது அவரா?" என்று கேட்டவள் நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் சொன்னால் அவனுக்கு அந்த வீட்டில் ஆண் துணை என்று இருந்த ஒன்றும் உடைந்துபோகும். இத்தனை வருசமும் அதற்காகத்தான் எதையும் சொல்லாமல் இருந்தாள். அந்த மௌனத்தைத்தான் இன்பாஸ் தன் பெருமைக்கு அத்திவாரமாகப் போட்டு மாடி கட்டியிருந்தான்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மைதானம் நிரம்பிவிட்டது. மைதானத்தை ஒட்டியிருந்தது ஷிஃபானாவின் வீடு. சுஹைராவின் தயிர்ச் சட்டிகளுக்குக் கடதாசி கட்டிக் கொடுக்கிறவள் ஷிஃபானா. ஆட்டமென்றால் பெண்கள் அவளுடைய முற்றத்தில் நின்று மதிலுக்கு மேலால் பார்ப்பார்கள். வாசல் கேற்றுக்கு நேர் முன்னால், வாகை மர நிழலில், எதிரணியான சல்லி ஊர்ப் பொடியன்கள் தங்கள் பைகளைக் குவித்திருந்தார்கள். அவர்களுடைய பயிற்றுநரைப் பார்த்ததும் சுஹைராவுக்குச் சிரிப்பு வந்தது. தொந்தி, வழுக்கை, கையில் குடை, தோளில் தொங்கும் ஃபிளாஸ்க்.

"இந்தாளா கோச்?"

"ஆனந்தராசாவாம். பட்டினத்தில ஒரு கந்தோரில கிளாக்கர்," என்றாள் ஷிஃபானா. "பாத்தா, கலியாண வீட்டுக்கு வழி தவறி வந்த ஆள் மாதிரி."

ஆட்டம் தொடங்கியது. அர்ஷாக் ஊசியின் தயவில் ஓடினான். மற்றவர்களுக்குத் தெரியாததெல்லாம் சுஹைராவுக்குத் தெரிந்தது. திரும்பும்போது வலது காலை ஊன்றாமல் இடுப்பால் சுழன்றான். நிற்கும்போது கொக்கு மாதிரி நின்றான். சல்லியின் பின்வரிசையில் மதுசன் என்றொரு நெடுவல், தோணி வலித்த தோள்கள். இரண்டு தடவை சறுக்கி வந்து அர்ஷாக்கின் காலோடு பந்தை அள்ளினான். இரண்டு தடவையும் சுஹைரா மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மைதானத்தின் அக்கரையிலிருந்து இன்பாஸின் குரல் மட்டும் ஓயவேயில்லை. "எழும்படா மாடு! பொட்டப் புள்ளயா நீ? ஓடு!"

இடைவேளைக்கு யாரும் கோல் போட்டிருக்கவில்லை. வெள்ளலைப் பொடியன்கள் தலையைத் தொங்கவிட்டு இன்பாஸைச் சுற்றி நின்றார்கள். ஓரத்தில் விளையாடும் ஒரு பொடியன் தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். இன்பாஸ் அதைத் தட்டிவிட்டு அவனுடைய கன்னத்தில் அறைந்தான். அறைந்த சத்தம் மைதானத்தைத் தாண்டி வராவிட்டாலும் பெண்களெல்லாம் ஒருமிக்க மூச்சை உள்ளிழுத்தார்கள். பிறகு யாரும் சுஹைராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம், வெறும் கோல் வாசலில் பந்தை வெளியே அடித்துவிட்ட சல்லிப் பொடியன் ஒருவன் வந்து தரையில் குந்தினான். வரப்போகும் ஏச்சுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டான். ஆனந்தராசா ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

"அந்த இடத்துக்கு நீ போனபடியால்தானே பந்து வந்தது. மற்றவன் ஒருத்தனும் போகேல்லையே. குடி. திரும்பவும் அங்கயே போ."

அவ்வளவுதான். பொடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சுஹைரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குள் ஒரு யோசனை எழும்பியது. கூடவே ஒரு பயமும். போன வருசம் மூதூர் அணியொன்றோடு ஆடும்போது, அவர்களுடைய கோல் காப்பாளருக்குத் தோள்மூட்டு விலகியிருப்பது எப்படியோ இன்பாஸின் காதுக்கு வந்தது. "அந்தத் தோளிலயே போய் இடிங்கடா எண்டன், கத முடிஞ்சிது," என்று மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. எதிரியின் நோவு தெரிந்தால் ஒரு கோச் என்ன செய்வான் என்பது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படித்த பாடம்.

இந்தாளும் கோச்தான். இறுதியாட்டம்தான். ஆனாலும் அவள் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"சேர்."

ஆனந்தராசா திரும்பினார். அபாயா உடுத்திய பெண்ணொருத்தி வந்து நிற்பதைக் கண்டதும் ஓரடி விலகிக் குடையைச் சுருக்கினார். "சொல்லுங்கோ தங்கச்சி."

"அந்த ஒம்பதாம் நம்பர் என்ட தம்பி."

"நல்ல விளையாட்டுக்காரன். எங்கட பொடியள் அவனுக்குப் பின்னால ஓடியே களைச்சுப் போனாங்கள்."

"அவன்ட வலது முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிரிக்கு சேர். ஓடவே வேணாமெண்டு டொக்டர் சொன்னவர். விறைப்பூசி போட்டு இறக்கி இரிக்காங்க."

அவர் முகம் மாறியது. "ஆர் போட்டது?"

"கோச்."

"என்ன மனுசன் அவர்?"

"என்ட புருசன்," என்றாள் சுஹைரா.

ஆனந்தராசா அக்கரையைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "பொடியன் சொல்லிப் பாக்கேல்லையோ, ஏலாதெண்டு?"

"நான் சொல்லிப் பாத்தன். கேக்கிறானில்ல. உங்கட அந்த நெடுவல்... இன்னொருக்கா அப்பிடி வந்து விழுந்தா..."

விசில் ஊதினார்கள். "நீங்கள் போங்கோ தங்கச்சி," என்றார் அவர். "நான் பாக்கிறன்."

கேற்றுக்குள் வந்த பிறகுதான் அந்தச் சொல் அவளைப் பிடித்து உலுக்கியது. நான் பாக்கிறன் என்றால் என்ன? எதைப் பார்க்கப் போகிறார்? வெளியே அவர் மதுசனைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக் காதுக்குள் ஏதோ சொன்னார். மதுசன் என்னவோ மறுத்துக் கதைத்தான். அவர் திரும்பவும் சொன்னார். மதுசன் தலையைத் திருப்பி, தூரத்தில் நின்ற அர்ஷாக்கின் வலது காலை நேராகப் பார்த்தான்.

"அல்லாவே," என்றாள் சுஹைரா. "நானே வெட்டக் குடுத்திட்டனே."

"என்னடி சொன்ன அந்தாளுக்கு?" என்று ஷிஃபானா கேட்டாள். சுஹைரா மதிலடிக்குப் போனாள்.

இரண்டாம் பாதியில் வெகுநேரம் பந்து நடுவிலேயே அலைந்தது. கச்சான் காற்று உயர அடித்த பந்தையெல்லாம் கடல் பக்கமாகத் தள்ளியது. பிறகு ஒரு பந்து இருவருக்கும் நடுவே தரையில் உருண்டு வந்தது. ஒரு பக்கத்திலிருந்து அர்ஷாக், மறுபக்கத்திலிருந்து மதுசன். மதுசன்தான் கிட்ட நின்றான். சறுக்க வாகாகக் காலை எடுத்தும் விட்டான். சுஹைரா இம்முறை கண்ணை மூடவில்லை. மதுசன் எடுத்த காலை மடக்கிக்கொண்டு, நிலை தடுமாறி, ஒரு பக்கமாக விலகினான். அர்ஷாக் பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் அடித்தான்.

ஊரே எழும்பி ஆடியது. இன்பாஸ் இரண்டு கையையும் வானத்துக்கு விரித்துக்கொண்டு ஓடினான், தானே அடித்தவன் போல. சல்லியிலிருந்து வந்திருந்தவர்கள் மதுசனைத் தூஷணத்தால் திட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஆனந்தராசாவிடமே வந்து நின்றார். "என்ன சேர் இது, கோப்பையைத் தூக்கிக் குடுத்துப்போட்டியளே!"

"வாற வருசமும் கோப்பை செய்வினம்," என்றார் ஆனந்தராசா. "கால் ஆர் செய்யிறது?" சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் வருத்தம்தான் என்பது, காற்றில்லாத பக்கம் குடையைப் பிடித்திருந்ததில் தெரிந்தது.

சுஹைரா மதிலோடு சாய்ந்து அழுதாள். கோலுக்காக அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

மைதானத்தில் அர்ஷாக் மதுசனிடம் போய் ஏதோ கேட்டான். மதுசன் வேண்டா வெறுப்பாக ஒரு பதில் சொன்னான். அர்ஷாக் வாகை மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நொண்டி நொண்டிக் கோட்டுக்கு வெளியே வந்து மணலில் குந்தி, சப்பாத்தைக் கழற்றினான்.

"உள்ள போடா!" இன்பாஸ் பாய்ந்து வந்தான். "ஆருடா உன்ன வரச் சொன்ன? நேரம் இரிக்கு இன்னும்!"

அர்ஷாக் மற்றச் சப்பாத்தையும் கழற்றினான்.

மிச்ச நேரத்தை வெள்ளலைப் பொடியன்கள் பந்தை வெளியே வெளியே அடித்துக் கழித்தார்கள். கோப்பை கிடைத்தது. இன்பாஸைத் தோளில் தூக்கினார்கள். சுஹைரா ஓட்டோ ஒன்றைப் பிடித்துத் தம்பியை ஏற்றிக்கொண்டு, அந்த ஊர்வலத்துக்கு எதிர்த்திசையால் வீட்டுக்குப் போனாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நீங்களா சொன்ன ராத்தா?" என்று கேட்டான். "ஓம்," என்றாள். அவன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஊசியின் விறைப்பு இறங்கியபோது, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அடுத்த நாள் பகல், இன்பாஸின் வீட்டில் கோப்பைக்குச் சாப்பாடு. செலவு கழகத் தலைவர் முஹம்மது தம்பி ஹாஜியாருடையது, வேலை சுஹைராவுடையது. நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச கறியுமாக, விடியற்காலையிலிருந்து ஷிஃபானாவும் அவளும் வெந்துபோனார்கள். பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டுகளில் சோற்றைக் குவித்து, ஒவ்வொரு சஹனைச் சுற்றியும் பொடியன்கள் வட்டமாகக் குந்தினார்கள். கோப்பை நடு மேசையில் மினுங்கியது. அர்ஷாக் மட்டும் காலை நீட்டிக் கதிரையில் இருந்தான்.

இன்பாஸ் ஹாஜியாருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சோற்றைப் பிசைந்தபடி தன் தந்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மதுசன் இரிக்கானே, அவன் ஏன் விலகினான் தெரியுமா ஹாஜியார்? பயம்! நான் கரையில நிண்டு போட்ட சத்தத்தில அவனுக்குக் கால் உதறிட்டு. அதுதான் கோச்சிங். வீரனுக்கு வெறி ஏத்தணும், எதிரிக்குப் பயம் ஏத்தணும்."

"மாஷா அல்லாஹ்," என்றார் ஹாஜியார், எலும்பொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே.

"அவன் பயந்து விலகல்ல மச்சான்," என்றான் அர்ஷாக்.

"பின்ன?"

"என்ட காலத் தொட வேணாமெண்டு அவங்கட சேர் சொன்னவராம். அதான் விட்டவன். அந்தக் கோல் நான் அடிச்சதில்ல. அவங்க தந்தது."

பொடியன்களின் கைகள் சஹனில் அப்படியே நின்றன. இன்பாஸ் சிரித்தான். "அந்தாள் ஏன் அப்பிடிச் சொல்ற? உன்ட கால் பழுதெண்டு அவனுக்கென்ன சாத்திரமா தெரியும்?"

"நான்தான் சொன்னன்," என்றாள் சுஹைரா குசினி வாசலில் நின்று. கறிச்சட்டி கையில் இருந்தது. "இடைவேளைக்க போய்ச் சொன்னன்."

அவள் அடிக்கு ஆயத்தமாகத்தான் நின்றாள். எத்தனையோ வருசமாகப் பழகிய ஏச்செல்லாம் வரும், வரட்டும் என்று நின்றாள். ஆனால் இன்பாஸின் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வந்தது ஆச்சரியம். உண்மையான, கள்ளமில்லாத ஆச்சரியம்.

"நீ போய்ச் சொல்லியும், தெரிஞ்சும், விட்டானா?"

"ஓம்."

"மடையன்!" என்று தொடையில் தட்டினான். "சரியான மடையன்! கையில கொண்டுவந்து குடுத்தத விட்டிரிக்கான் பாரு. எனக்கு மட்டும் ஒருத்தி வந்து அப்பிடிச் சொல்லியிருந்தா, விசில் ஊதி மூச்சு விட முதல் அந்தக் கால முடிச்சிரிப்பன். இவனெல்லாம் கோச்சாம்! என்னடா, சரிதானே?"

சிரிப்பை எதிர்பார்த்து, பாயில் இருந்த பொடியன்களைச் சுற்றிப் பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நேற்றுக் கன்னத்தில் அறை வாங்கிய பொடியன் முதலில் சஹனிலிருந்து கையை எடுத்தான். விரல்களில் ஒட்டியிருந்த சோற்றைத் திரும்பச் சஹனில் உதறிவிட்டு எழும்பினான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் எழும்பினான். பிறகு கோல் காப்பாளன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. கை கழுவும் இடத்தில் வரிசையாக நின்று கழுவிக்கொண்டு, குசினி வாசலுக்கு வந்து, "ராத்தா, வாறம்," என்று சுஹைராவிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்கள். இரண்டு பேர் நின்று அர்ஷாக்கின் கக்கத்தில் கை கொடுத்து அவனை எழுப்பினார்கள்.

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு," என்றான் அர்ஷாக். இன்பாஸைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாஜியாருக்குத் திடீரென்று போகவேண்டிய ஒரு ஜனாஸா அடக்கம் நினைவுக்கு வந்தது. அவரும் போய்விட்டார்.

பாயெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. காற்று யன்னல் சீலையை அடித்து அடித்துப் போட்டது. சுஹைரா அந்த மனிதனைப் பார்த்தாள். இத்தனை வருசமும் அவன் மேல் தனக்கிருந்தது கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அங்கே ஒரு ட்ராக் சூட்தான் குந்தியிருந்தது.

"இவனுகளுக்கு என்ன வந்திட்டு?" என்றான் இன்பாஸ். "ஒழுக்கமில்லாத பயலுகள்." பிறகு, பொடியன்கள் விட்டுப் போன சஹனைத் தன் பக்கம் இழுத்து, நடுவில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்தான். "இறைச்சி நல்லா வெந்திரிக்கு புள்ள."

"ஓம்," என்றாள் சுஹைரா. "சாப்பிடுங்க."

அபாயாவை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் பொடியன்கள் பிடித்த ஓட்டோ போவதற்குள் தம்பியிடம் போய்ச் சேர்ந்தாள்.